கயிற்றின் முதல் முடிச்சு

ஜூலை 7, திங்கள்

பயிற்சிப் பதிவேட்டில் எழுத வேண்டியதை எழுதி முடித்துவிட்டேன். அதில் எழுத முடியாதவற்றுக்காக இந்த நோட்டு.

இன்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நாற்காலியில் உட்கார்ந்தேன். முழங்கால் மார்பை முட்டியது. எனக்கு வயது நாற்பத்தெட்டு. இருபத்தோரு வருடம் புள்ளியியல் நடத்திய துறையைக் கல்லூரியில் மூடிவிட்டார்கள். பள்ளிக்கூட வேலைக்குப் போக வேண்டுமென்றால் பி.எட். வேண்டும் என்றார்கள். அதனால் சேர்ந்தேன். முதல் பருவத்தில் மூன்று வாரம் ஒரு தொடக்க வகுப்பை உற்றுநோக்க வேண்டும். என்னைப் போட்டிருப்பது புளியடிவிலக்குப் பள்ளிக்கு. தென்காசி சாலையில் இறங்கினால் எதிரிலேயே பள்ளி.

எங்கள் விரிவுரையாளர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். வகுப்பில் அவர் சொன்னது: "நீங்க அங்க ஒரு நாற்காலி மாதிரி. பேசக் கூடாது, உதவக் கூடாது. பார்க்கணும், எழுதணும்." நாற்காலி எழுதுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

வகுப்பாசிரியை ஜெசிந்தா. முப்பத்து நாலு வயதிருக்கும், நல்ல உரத்த குரல். மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் சேர்த்து நாற்பத்தோரு பிள்ளைகள் அவரிடம். உள்ளே நுழைந்ததும், "வாங்கக்கா. இதுங்க கடிக்காது. கிள்ளும், அவ்வளவுதான்" என்றார். பிள்ளைகள் எனக்கு அரை மணி நேரத்தில் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்: எழுதுற டீச்சர்.

பயமாக இருந்தது. கல்லூரிப் பையன்களைக் கட்டி மேய்த்தவளுக்கு இந்தப் பொடிசுகளிடம் என்ன பயம் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எட்டு வயதுப் பிள்ளைகளோடு பழகி வெகுகாலமாகிறது. காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

மாலையில் ஒன்று பார்த்தேன். சாலைக்கு அந்தப் பக்கம் போகும் பிள்ளைகள் பதின்மூன்று பேர். குவாரி லாரிகள் ஓயாமல் போகும் சாலை. ஒரு தென்னங்கயிற்றில் பதின்மூன்று முடிச்சு. ஆளுக்கு ஒரு முடிச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் முடிச்சைப் பிடிப்பவர் லீடர்; கையில் பச்சைத் துணிக் கொடி. ஜெசிந்தா டீச்சர் இந்தப் பக்கம் வண்டிகளை நிறுத்துகிறார். சத்துணவு சமைக்கும் மாரியக்கா அந்தப் பக்கம் நிறுத்துகிறார். விதி ஒன்றுதான். பிள்ளைகள் அதைப் பாட்டாகவே சொல்கிறார்கள்: "முன்னால நடந்தா நட, முன்னால நின்னா நில்லு."

நல்ல ஏற்பாடு. பதிவேட்டில் அதைப் பாராட்டி நாலு வரி எழுதினேன்.

ஜூலை 8, செவ்வாய்

சீட்டுக் குலுக்கி நான்கு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை நால்வரையும் ஒரு பார்வை பார்த்து, கவனம் என்றால் ஒரு கோடும் சிதறல் என்றால் ஒரு வட்டமும் போட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு முப்பது கட்டம். இதை அறிவியல் என்கிறார்கள். இரண்டு நிமிடத்துக்கு நடுவில் ஒரு பிள்ளை எழுந்து பக்கத்து ஊர் போய்த் திரும்பி வந்தாலும் என் தாளில் கோடுதான் விழும்.

நால்வரில் ஒருத்தி சுபிக்ஷா. ஒல்லி. இடது மணிக்கட்டில் மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறு. முப்பதில் இருபத்தொன்பது கோடு. நால்வரில் அதுதான் அதிகம்.

ஆனால் ஜெசிந்தா டீச்சர் இன்று அவளை மூன்று முறை அதட்டினார்.

ஜூலை 9, புதன்

சாரல். குடையை மறந்தேன். சுபிக்ஷாவுக்கு முப்பதுக்கு முப்பது.

ஜூலை 10, வியாழன்

ஏழாம் வாய்ப்பாடு. வகுப்பே சேர்ந்து ராகம் போட்டுச் சொல்கிறது. மேசையில் ஸ்கேலால் தாளம் போடுகிறார் டீச்சர். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு. முதல் வரிசையில் நின்று சுபிக்ஷாவும் சொல்கிறாள். நாலேழு இருபத்தெட்டு என்ற இடத்தில் அவள் குரல் நின்றது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கண் கரும்பலகையில்தான் இருந்தது, இமை மட்டும் துடித்தது. விழவில்லை, சாயவில்லை. பிறகு சொல்லத் தொடங்கினாள்: "ஐயேழு முப்பத்தஞ்சு." வகுப்பு அதற்குள் எட்டேழு ஐம்பத்தாறில் இருந்தது.

வகுப்பு சிரித்தது. "டீச்சர், சுபி பாசஞ்சர் வண்டி டீச்சர். எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கா" என்றான் ஒருவன். டீச்சரும் சிரித்தார். சுபிக்ஷா சுற்றுமுற்றும் பார்த்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. மற்றவர்கள்தான் தாண்டிக் குதித்துவிட்டதைப் போல அவள் முகம்.

மூன்று வரி பின்தங்கினாள். ஸ்கேல் தாளத்தில் ஒரு வரிக்கு மூன்று நொடி. ஒன்பது நொடி.

அதன் பிறகு என் கட்டத் தாளை மூடிவிட்டு, கைக்கடிகாரத்தோடு அவளை மட்டும் பார்த்தேன். 11.04, 11.19, 11.31, 11.50. ஒரு மணி நேரத்தில் நான்கு தடவை. ஒவ்வொன்றும் எட்டு, ஒன்பது, பத்து நொடி. இரண்டு நிமிட வலையில் இந்த மீன் விழாது.

கை குளிர்ந்துவிட்டது. ஜன்னல் வழியே சாரல் காற்று.

ஜூலை 11, வெள்ளி

இடைவேளையில் ஜெசிந்தா டீச்சர் என் நோட்டை எட்டிப் பார்த்தார். நேற்றைய நேரங்களும் இன்றைய நேரங்களும் வரிசையாக இருந்தன, மேலே சுபிக்ஷா பெயர்.

"நீங்களும் கண்டுபிடிச்சிட்டீங்களா! நான் ஜூன்ல இருந்தே சொல்லுதேன். அது பராக்குக்கா, சரியான பராக்கு."

பராக்கு. இந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை வருடமாகிறது. எங்கள் வீட்டில் ஒரு காலத்துக்குப் பிறகு யாரும் இதைச் சொல்வதில்லை.

"இதுக்கு ஒரு மருந்து வச்சிருக்கேன். நான் ட்ரெய்னிங் படிக்கையில எங்க மேடம் சொல்லிக் குடுத்தது. அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது. பொறுப்பக் குடுக்கணும். பொறுப்பு வந்தா கவனம் தன்னால வரும். திங்கக்கிழமையிலருந்து கயித்துக்கு இவதான் லீடர்."

நான் சொல்லியிருக்க வேண்டும். வாயில் ஒரு வாக்கியம் இருந்தது. நாற்காலி பேசக் கூடாது என்ற விதியும் இருந்தது. டீச்சர் என் முகத்தைப் பார்த்து, "என்னக்கா, சரிதான?" என்றார்.

"நல்ல யோசனை" என்றேன்.

இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 12, சனி

துணி துவைத்தேன். காயவில்லை. ரசப்பொடி திரித்து வந்தேன். மழையில் இறுகிப்போன ஜன்னல் கீலுக்கு எண்ணெய் போட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

அம்பாசமுத்திரத்துக்குப் போன் செய்தேன். அம்மா அண்ணன் வீட்டில் இருக்கிறாள். வயது எழுபத்தாறு, காது கூர்மை. "என்னட்டி குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். சளி என்றேன்.

பூரணி இருந்தால் இந்த மாதம் நாற்பது முடிந்திருக்கும். அம்மா அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. முப்பத்தோரு வருடமாக இரண்டு பேரும் இதைச் சொல்லாமல் இருப்பதில் தேர்ந்துவிட்டோம். என் தங்கை ஒன்பதாவது வயதில் குளத்துப் படியிலிருந்து தண்ணீரில் விழுந்து போனாள். பராக்குப் பார்த்து நடந்தாள் என்றார்கள். அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள்.

அவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தது நான். எனக்கு அப்போது பதினெட்டு முடியவில்லை. அவள் பாதியில் நிற்பாள். அப்புறம் விட்ட இடத்திலிருந்து சொல்லுவாள். நான் சும்மா இருக்கவில்லை. அதை இன்று எழுத வேண்டாம்.

ஜூலை 14, திங்கள்

சுபிக்ஷா எண்ணெய் வைத்துப் படிய வாரி, புது ரிப்பன் கட்டி வந்திருந்தாள். கொடியைக் காலையிலேயே டீச்சரிடம் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தமிழ்ப் பாடத்தில் 10.12க்கு ஒரு தடவை, 10.40க்கு ஒரு தடவை. கொடி மடியிலேயே இருந்தது. பொறுப்பு வந்துவிட்டது, கவனம் வரவில்லை.

மாலை நாலு பத்துக்குக் கயிறு புறப்பட்டது. வாசலில் நின்று நேரம் பார்த்தேன். முதல் பிள்ளை சாலையில் கால் வைத்ததிலிருந்து கடைசிப் பிள்ளை ஏறும் வரை இருபத்திரண்டு நொடி. ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் சுபிக்ஷா கொடியை ஆட்டிக் காட்டினாள், எனக்கும் சேர்த்து.

பேருந்தில் கணக்குப் போட்டேன். இது நான் சம்பளம் வாங்கிக் கற்றுக்கொடுத்த கணக்கு. மணிக்கு நாலு தடவை, ஒவ்வொன்றும் ஒன்பது பத்து நொடி, சாலை இருபத்திரண்டு நொடி. அவள் நடுச் சாலையில் நின்றுபோக ஒரு நாளைக்கு நூற்றில் மூன்றரை வாய்ப்பு. சிறிய எண்தான். ஒரு நாளைக்கு யாரும் பயப்பட மாட்டார்கள். ஆனால் ஒரு மாதத்துக்கு இருபது பள்ளி நாள். இருபது நாளில் ஒரு தடவையாவது நடப்பதற்குப் பாதிக்குப் பாதி. நாணயம் சுண்டுவது மாதிரி.

இரண்டு முறை சரிபார்த்தேன். கணக்குத் தப்பாக இருக்க வேண்டும் என்று நான் விரும்பியது இதுதான் முதல் தடவை.

அவள் நின்றால் பின்னால் பன்னிரண்டு பேரும் நிற்பார்கள். அவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

கயிறு கடக்கும்போது நானும் கூடவே நடந்தேன், சுபிக்ஷாவின் வலப்பக்கம்.

"அக்கா, உங்க பஸ் இந்தப் பக்கம்லா வரும்?" என்றார் டீச்சர்.

"அந்தப் பக்கம் காய் வாங்கணும்."

அந்தப் பக்கம் கடையே கிடையாது. மாரியக்கா என்னையும் என் வெறும் பையையும் பார்த்துவிட்டு, "புளியங்காயா வாங்கப் போறீய?" என்றார். பேருந்து போய்விட்டது. அடுத்தது ஐந்தே காலுக்கு.

ஜூலை 16, புதன்

சொல்லிவிடுவது என்று போனேன். சாப்பாட்டு நேரத்தில் மெல்லத் தொடங்கினேன்: "சுபிக்ஷாவுக்கு உடம்புக்கு ஏதாவது…"

ஜெசிந்தா டீச்சர் டிபன் பாக்ஸை மூடினார். "அக்கா, அந்தப் பேச்சு மட்டும் வேண்டாம். போன வருஷம் உங்கள மாதிரி ட்ரெய்னிங் வந்த ஒரு பிள்ள, ஒரு பையனப் பாத்து மூளை வளர்ச்சி சரியில்லன்னு எழுதிட்டா. அது வெளிய போயி, அவங்க அப்பா வந்து இந்த வாசல்ல நின்னு, 'எம் பிள்ளைய லூசுன்னா சொல்லுதிய'ன்னு கத்துன கத்து இருக்கே! பையனுக்கு ஒண்ணுமில்ல, கண்ணாடி போட்டதும் சரியாயிட்டு. யூகத்துல பேசி ஒரு பிள்ள பேரக் கெடுத்துரக் கூடாதுக்கா."

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் மருத்துவர் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பதினோரு வருடத்துக்கு முன் ஒரு வார இதழில் வந்த டாக்டர் கேள்வி-பதில். பேருந்தில் படித்தேன். ஒரு தாய் கேட்டிருந்தாள், என் மகன் பேசிக்கொண்டே இருக்கும்போது நின்றுவிடுகிறான், பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுகிறான் என்று. டாக்டர் எழுதியிருந்தார்: இது ஒரு வகை வலிப்பு, கை கால் இழுக்காது, சில நொடிகள் நினைவு மட்டும் நின்றுபோகும், கவனக்குறைவு என்று நினைத்துப் பிள்ளையை அடிக்காதீர்கள். அன்று நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. இதழை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. தெரியும். பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில்.

"சும்மா கேட்டேன் டீச்சர்" என்றேன்.

மாலையில் காய் வாங்கப் போனேன்.

ஜூலை 17, வியாழன்

சுபிக்ஷாவின் அம்மா வந்திருந்தாள், பீடி சுற்றுகிறவள். விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை. மகளுக்குக் கொடி கிடைத்ததைப் பார்க்க வந்தாளாம். கேட்டருகே ஒதுங்கி நின்றாள்.

நான் நாற்காலி என்பதை மறந்து கேட்டேன்: "வீட்ல எப்படிம்மா இருப்பா?"

"நல்லாத்தான் இருப்பா டீச்சர். கொஞ்சம் பராக்குப் பாக்கும். சோறு திங்கையில பாத்தீயன்னா, கை வாய்க்குப் போற வழியிலயே நின்னுரும். அப்புறம் திங்கும். எங்கயோ பயந்திருக்கான்னு மந்திரிச்சுக் கயிறு கட்டியிருக்கு. ஒண்ணு ரெண்டு மட்டம் அடிச்சும் பாத்துட்டேன்." சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "ஏன் டீச்சர் கேக்கிய? வேற எதுவுமா?"

"இல்லம்மா. நல்ல பிள்ளை."

கை வாய்க்குப் போகும் வழியில் நிற்பது. பூரணி தம்ளரைப் பிடித்தபடி நிற்பாள். பால் ஆடைகட்டும் வரை நிற்கிறாயா என்று நான் கேட்பேன்.

நாளை சொல்லிவிடுகிறேன். நாளை வெள்ளி. எழுதிவைத்தால் செய்வேன்.

ஜூலை 18, வெள்ளி

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் சொல்லவில்லை. ஆய்வாளர் வருகிறார் என்று டீச்சர் அலைந்துகொண்டிருந்தார். மதியம் சொல்லவில்லை. அதற்குக் காரணமே இல்லை. மூன்றரைக்குச் சாரல் பிடித்துக்கொண்டது. நாலு பத்துக்குக் கயிறு புறப்பட்டது. நான் சுபிக்ஷாவின் வலப்பக்கம், பதிவேடு என் கக்கத்தில்.

டீச்சர் கை காட்டி ஒரு பேருந்தை நிறுத்தினார். அது நின்றது. கொடி முன்னால் போனது. சுபிக்ஷா என்னிடம் பேசிக்கொண்டே நடந்தாள். "எங்க வீட்டு ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு டீச்சர். ஒண்ணு கருப்பு, இன்னொண்ணு…"

நின்றாள். சரியாக நடு மஞ்சள் கோட்டில்.

பின்னால் கயிறு நின்றது. பன்னிரண்டு பிள்ளைகளும் நின்றார்கள். எவ்வளவு நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள். ஒருவன்கூட அசையவில்லை. "போங்க, போங்கட்டி!" என்று மாரியக்கா அங்கிருந்து கத்தினார். "நட சுபி!" என்று டீச்சர் இங்கிருந்து கத்தினார். பிள்ளைகள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு முதல் முடிச்சைப் பார்த்தார்கள். முன்னால நின்னா நில்லு.

நான் எண்ணத் தொடங்கினேன். ஒன்று. இரண்டு.

நின்றிருந்த பேருந்துக்குப் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. பேருந்து எதற்காக நிற்கிறது என்று அந்த லாரிக்காரனுக்குத் தெரிந்திருக்காது. ஜல்லி ஏற்றிய லாரி. பேருந்தை முந்திக்கொண்டு முன்சக்கரம் வெளியே வந்தது. வழக்கமான நாளாக இருந்தால் இந்நேரம் பிள்ளைகள் கோட்டைத் தாண்டியிருப்பார்கள்.

மூன்று. நாலு.

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினால் கயிறு என் பின்னால் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு லாரியின் பக்கம் திரும்பி நின்றேன். பதிவேட்டை மற்றொரு கையால் தூக்கிப் பிடித்தேன். அவ்வளவுதான் செய்தேன். நாற்காலி மாதிரி நடு ரோட்டில் நின்றேன். பிரேக் பிடித்த சத்தம் கேட்டது. ஈரத்தில் வண்டி நிற்காமல் வழுக்கி வந்தது. அதன் முன்பக்கம் எழுதியிருந்த சாமி பெயரை என்னால் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க முடிந்தது. ஏழு. எட்டு.

நின்றது. நான் கையை நீட்டினால் தொடலாம். சூடு முகத்தில் அடித்தது.

ஒன்பது.

"…செவலை" என்றாள் சுபிக்ஷா. கொடியை உயர்த்தி நடந்தாள். கயிறும் நடந்தது.

அந்தப் பக்கம் சேர்ந்ததும் எல்லோரும் என்னைத்தான் திட்டினார்கள். லாரிக்காரன் இறங்கி வந்து, "ஏம்மா, பிள்ளைங்கள நடு ரோட்டுல நிப்பாட்டி வச்சு என்னத்தக் காட்டுத, நோட்டையா?" என்றான். அவன் உதடு வெளுத்திருந்தது. ஜெசிந்தா டீச்சர் ஓடி வந்தார். "படிச்சவங்கதான நீங்க! பேச்சுக் குடுத்து அதை நிக்க வச்சுட்டீங்க! பதிமூணு பிள்ளைங்கக்கா, பதிமூணு!"

யாரும் சுபிக்ஷாவைச் சொல்லவில்லை. அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பழி என் மேல், பிள்ளை தப்பித்தாள் என்று. அது தியாகம் மாதிரி இருந்தது. ஆனால் திங்கட்கிழமை மறுபடி நாலு பத்து வரும்.

டீச்சரைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னேன். ஒன்பது நொடி, வாய்ப்பாடு, இமை, சோற்றுக் கை, வார இதழ், எல்லாம். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"பத்தாம் தேதி."

"இன்னைக்குப் பதினெட்டு." விரல் விட்டு எண்ணினார். "எட்டு நாள். நான் அவ கையில கொடியக் குடுத்தப்ப, நல்ல யோசனைன்னீங்க."

"ஆமாம்."

"ஏன்க்கா?"

அப்போதுதான் பூரணியைச் சொன்னேன். இருபத்தோரு வருடம் கூட வேலை பார்த்தவர்களுக்குத் தெரியாததைப் பன்னிரண்டு நாள் தெரிந்த ஒருத்தியிடம் சாரலில் நின்று சொன்னேன். பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

பூரணிக்குப் பொறுப்புக் கொடுத்தால் பராக்கு தன்னால் போகும் என்று எங்கள் வீட்டில் யாரோ சொன்னார்கள் என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன். யாரோ இல்லை. நான். தினமும் சாயங்காலம் குளத்திலிருந்து ஒரு குடம் தண்ணீர் அவள்தான் எடுத்து வரவேண்டும் என்று வைத்தது நான். மூன்றாம் நாள் போனவள் வரவில்லை. அன்று காலை வாய்ப்பாட்டில் நின்றதற்காகக் கன்னத்தில் அடித்திருந்தேன். ஏழாம் வாய்ப்பாடு இல்லை. எட்டாம் வாய்ப்பாடு.

ஜூலை 19, சனி

ஒன்றும் செய்யவில்லை.

ஜூலை 21, திங்கள்

டீச்சர் விடுப்புப் போட்டுவிட்டு, சுபிக்ஷாவையும் அவள் அம்மாவையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நானும் போனேன். அந்தத் தாய் என்னிடம் பேசவில்லை. "நல்ல பிள்ளைன்னு சொன்னீய, இதச் சொல்லலியே" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

டாக்டரம்மா சுபிக்ஷாவை வேகமாக மூச்சு இழுத்து விடச் சொன்னார். இரண்டு நிமிடம் ஆகவில்லை, எங்கள் எல்லோர் கண் முன்னாலும் அது வந்தது. நான் எண்ணினேன். டாக்டரும் எண்ணினார். தாய் மட்டும் எண்ணவில்லை. மகளின் முன்னால் கையை ஆட்டினாள், அப்புறம் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். "இதுக்கா அடிச்சேன்" என்றாள்.

நானும் அடித்தவள்தான் என்று சொல்லியிருக்கலாம்.

தலையில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். மாத்திரை எழுதினார்கள். பெரும்பாலும் கட்டுப்படும், வளர வளர நின்றுவிடவும் கூடும், அதுவரை தண்ணீர், அடுப்பு, சாலை மூன்றிலும் தனியாக விடாதீர்கள் என்றார் டாக்டர். தண்ணீரை முதலில் சொன்னார்.

ஜூலை 23, புதன்

கொடியை வாங்கிவிட்டார்கள் என்று சுபிக்ஷா அழுதாள். என் நாற்காலிப் பக்கம் வந்து, "நான் என்ன தப்பு செஞ்சேன் டீச்சர்?" என்றாள்.

அவள் உயரத்துக்குக் குனிய வேண்டியிருக்கவில்லை. அந்த நாற்காலிக்கு அது ஒரு நன்மை.

"ஒண்ணுமே செய்யல. தப்பு செஞ்சது நாங்க."

யோசித்தாள். "அப்போ உங்க கொடியத்தான பிடுங்கணும்?"

ஜெசிந்தா டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. மாலையில் கயிற்றின் முதல் முடிச்சைத் தானே பிடித்துக்கொண்டார். சாலையில் கை காட்ட ஹெச்.எம். வந்தார். சுபிக்ஷா அவர் பக்கத்தில் நின்றாள், ஒரு கை டீச்சர் கையில், மறு கையில் கொடி. விதியையும் மாற்றிவிட்டார்கள். முன்னால் நின்றாலும் டீச்சர் இழுத்தால் நடக்க வேண்டும். பாட்டுக்கு அது பொருந்தவில்லை, பிள்ளைகள் முணுமுணுத்தார்கள்.

நான் வாசலில் நின்று எண்ணினேன். இருபத்து நாலு நொடி.

ஜூலை 25, வெள்ளி

கடைசி நாள். பதிவேட்டில் கையெழுத்துப் போட ஜெசிந்தா டீச்சர் பக்கம் பக்கமாகத் திருப்பினார். லாரிக்கு முன் தூக்கிப் பிடித்ததில் அட்டை நனைந்து உப்பியிருந்தது. கடைசிப் பக்கத்தில் 'பயிற்சி மாணவர் கற்றுக்கொண்டவை' என்ற கட்டம் காலியாக இருந்தது.

"ஒண்ணுமே படிக்கலியாக்கா?" என்றார். போன வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் என்னோடு செய்த முதல் கேலி.

"இரண்டு நிமிட இடைவெளி போதாது. பார்த்தவர் சொல்ல வேண்டும்" என்று எழுதினேன். விரிவுரையாளர் மதிப்பெண் குறைப்பார். குறைக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றாமல் அம்பாசமுத்திரத்துக்குப் போன் செய்தேன். நேரம் தள்ளினால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"அம்மா, பூரணி பராக்குப் பார்க்கல."

"என்னட்டி?"

சொன்னேன். நோயின் பெயரையும், ஒன்பது நொடியையும், அவள் படியில் நின்றபோது எங்கே நிற்கிறோம் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்காது என்பதையும். அவளைத் தண்ணீருக்கு அனுப்பச் சொன்னது நான் என்பதையும் சொன்னேன். அம்மாவுக்கு அது தெரியும் என்றும், தெரிந்தே முப்பத்தோரு வருடம் என்னை எதுவும் கேட்காமல் விட்டாள் என்றும்தான் நான் நினைத்திருந்தேன்.

"நீ சொன்னது எனக்கு ஞாபகமே இல்லட்டி" என்றாள் அம்மா. "அன்னைக்கு அவ போக மாட்டேன்னு அழுதா. கன்னம் வலிக்குன்னா. நான்தான் குடத்த இடுப்புல வச்சு, போயிட்டு…"

நின்றுவிட்டாள்.

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நான் எண்ணத் தொடங்கினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒன்பது வந்தது. பதினைந்து வந்தது. இருபத்திரண்டு. பயத்தில் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அழைக்கவில்லை, அதட்டவில்லை, என்னட்டி என்று கேட்கவில்லை. காத்திருந்தேன்.

"…வான்னு சொன்னேன்" என்றாள் அம்மா, விட்ட இடத்திலிருந்து.